மண் செட்டில் ஆகட்டும்

நான் வேலை பார்க்கும் ரிசார்ட் மூணாறிலிருந்து பள்ளிவாசல் என்ற ஊருக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. விருந்தாளி வந்து அறைக்குள் போன கொஞ்ச நேரத்தில் ரிசப்ஷனிலிருந்து நான் போன் போட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். "நல்லா செட்டில் ஆயிட்டீங்களா, சார்?" மேனேஜரின் கட்டளை இது. தமிழ் ஆளுக்குத் தமிழில், மலையாளிக்கு மலையாளத்தில், மற்றவர்களுக்கு இங்கிலீஷில். எந்த மொழியில் கேட்டாலும் அந்த ஒரு சொல் மட்டும் மாறாது. அவர்களும் சந்தோஷமாக, "ஆயிட்டோம், ஆயிட்டோம்" என்பார்கள். பெட்டியைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள், நாளை மறுநாள் கிளம்பப் போகிறவர்கள், அதற்குள் செட்டில் ஆகிவிடுவார்கள்! எனக்கு எரிச்சலாக வரும். கொள்ளுத்தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி, தேயிலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எங்களைப் பார்த்து இன்னமும், "நீங்க எங்க செட்டில் ஆகப் போறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில் படாத பாடு படுத்துவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், "பையன் கோயம்புத்தூர்ல செட்டில் ஆயிட்டான்" என்றது. விசாரித்தால் நாலு பேரோடு ஒரே ரூமில் இருந்தான். மூணாறு ஸ்டாண்டில் இரண்டு ஜீப் டிரைவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டால், யாராவது நடுவில் புகுந்து டீ வாங்கிக் கொடுத்து, "மேட்டர் செட்டில்" என்று கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதே இரண்டு பேர் அதே இடத்தில் கட்டிப் புரளுவார்கள். எஸ்டேட் ஆபீஸில் அதற்கு இன்னொரு வால் உண்டு. வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கை முடித்துக் கொடுப்பதுதான் செட்டில்மெண்ட். 'செட்டில்மெண்ட் ஆயிருச்சு' என்றால் அந்தக் குடும்பம் மூட்டை கட்டுகிறது என்று பொருள்.

மழைக்காலத்தில் மலை சரிந்து ரோடு அடைத்துக்கொள்ளும். ஜேசிபி வந்து மண்ணை அள்ளிப்போட்ட பிறகும் உடனே வண்டியை விட மாட்டார்கள். மண் செட்டில் ஆகட்டும் என்பார்கள். அந்தச் சொல் யோக்கியமாக ஒரு வேலை செய்வது அந்த இடத்தில் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா இறந்தபோதும் அதைக் கேட்டேன். அவர் ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். எங்கள் லயத்து ஆட்களைப் புதைக்கும் சரிவில், தேயிலை முடிகிற ஓரமாக அவரைப் புதைத்தோம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் எஸ்டேட் வீடுகள். தம்பிக்கு உடனே மேடை கட்டிவிட வேண்டும் என்று அவசரம். கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.

"இப்பக் கட்டினா விரிசல் விட்ரும் தம்பி. ஒரு மழை பெய்ஞ்சு ஓயட்டும். மண்ணு செட்டில் ஆன பெறகு கட்டுவோம்" என்றார்.

மழை பெய்து ஓய்ந்ததும் கட்டினோம். எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அந்த மேடை தெரியும். அம்மா கொழுந்து எடுக்கக் கிளம்பும் முன் பின்வாசலில் நின்றபடியேதான் டீ குடிப்பாள். கும்பிடவெல்லாம் மாட்டாள். பார்த்துக்கொண்டே குடித்து முடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். நம்ம குடும்பத்தில் செட்டில் ஆன ஒரே ஆள் அப்பாதான் என்று ஒருமுறை வாய்த்துடுக்காகச் சொல்லி, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வருஷம் அம்மா பிரிகிற வயது வந்தது. ஓய்வு பெறுவதை எஸ்டேட்டில் பிரிவது என்றுதான் சொல்வோம். லயத்து வீடு வேலை இருக்கும் வரைதான். பிரிகிறவரின் குடும்பத்திலிருந்து ஒருவர் பெயர் கொடுத்துத் தோட்ட வேலைக்குச் சேர்ந்தால் வீடு தங்கும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் பெயர் கொடுக்க இரண்டே பேர்தான், நானும் தம்பியும். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய், கல்யாணம் பண்ணி, அங்கேயே இருக்கிறான்.

"அம்மா இங்க வந்துரட்டும்க்கா. ஒரு ரூம்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

அம்மா ஏற்கெனவே ஒரு வாரம் அங்கே போய் இருந்து பார்த்தவள். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஊர் திரும்பியதும், "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொன்னால், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்று அர்த்தம்.

நானே பெயர் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னைய எதுக்குடி படிக்க வச்சேன்? கொழுந்து வெட்டவா?"

"வீடு போயிரும்மா."

"போனாப் போகுது."

"அப்பா?"

நறுக்கிய பீன்ஸையே மறுபடி நறுக்கினாள்.

நான் பிடித்தால் பிடிதான். வருகிற திங்கள்கிழமை ஆபீஸுக்குப் போகிறேன், யார் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்றேன். "சரி, குடுத்துக்கோ" என்றாள் சாதாரணமாக. என் அம்மா இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் ரிசார்ட்டிலேயே தங்கி, வார லீவுக்குத்தான் வீட்டுக்குப் போவேன். அந்தத் திங்கள் காலை ஜீப்பை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறினால், வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மூன்று சாக்கு மூட்டை, தண்ணீர்க் குடம், மடியில் சேலையில் சுற்றிய அப்பா படம். வீடு பூட்டியிருந்தது.

"சாவியக் குடுத்துட்டேன். சொன்னா நீ விடமாட்ட" என்றாள்.

லயமே வெளியே வந்து பார்க்கும்படி கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அம்மா ஒரு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, கடைசியில், "இந்த மலையில கூன் விழுந்தது என்னோட போகட்டும். நீ ஒன் வேலையப் பாரு தாயி" என்றாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. இனி கொழுந்து எடுக்க மழையில் நனைந்துகொண்டு மேட்டில் ஏற வேண்டாம் என்ற நிம்மதி. அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

ஆபீஸுக்கு ஓடினேன். கிளார்க் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். "சேச்சி வீடு ஒழிஞ்சு தந்தாச்சல்லோ. இனி ஒண்ணும் செய்யான் பற்றில்ல. செட்டில்மெண்ட் ஆகும்போ விளிக்காம்" என்றார். அம்மா வீட்டை ஒப்படைத்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது, கணக்கு முடியும்போது கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். அவரிடம் சண்டை போட என்ன இருக்கிறது? எழுந்து வந்துவிட்டேன்.

மூணாறில் ஒரு மேட்டில் வாடகைக்கு வீடு பிடித்தேன். நானும் அம்மாவோடு வந்துவிட்டேன். மறுநாள் காலை அம்மா டீ கிளாஸோடு பின்கதவைத் திறந்தாள். மேல் வீட்டுக்காரர் மண் சரியாமலிருக்கக் கட்டிய சுவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பாசி பிடித்து நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "செட்டில் ஆயோ சேச்சி?" என்று அன்பாகத்தான் கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள்.

அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "நான் செத்தா, அங்க கொண்டு போக விடுவாகளா?" என்றாள்.

"விடுவாகம்மா. ஏன் விடமாட்டாக?" என்றேன். ரிசார்ட்டில் விருந்தாளிகளிடம் பேசும் குரலில் அதைச் சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அன்றைக்கே கிளார்க்குக்கு போன் செய்தேன். அந்த இடம் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்குத்தான், பிரிந்து போனவர்களை வைத்ததாக அவருக்கு நினைவில்லை, சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்கப்புறம் செட்டில்மெண்டுக்கு அழைத்தார்கள், அம்மா போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். இந்தப் பதில் மட்டும் வரவில்லை. நான் கேட்டிருக்கிறேன் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. மூன்று மூட்டையில் ஒன்றை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. கேட்டால், "கெடக்கட்டும்" என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்து அப்பாவைப் பார்க்கப் போனோம். மழை ஓய்ந்து புல் மண்டிக் கிடந்தது. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, மேடையைச் சுற்றி வேரோடு பிடுங்கினாள். அது முடிந்ததும் நிமிருவாள் என்று பார்த்தேன். நிமிரவில்லை. மேடைக்கு வலது பக்கம் சும்மா கிடந்த இடத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு, நிதானமாகப் பிடுங்கிக்கொண்டே போனாள்.

"இம்புட்டு எடம் போதும்ல?" என்றாள்.

"போதும்மா" என்று சொல்லிவிட்டு, நானும் அவள் பக்கத்தில் குனிந்து பிடுங்கினேன்.