கப்பல் பங்காளி வீட்டுக் கல்யாணம்

தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவன் பாடத்தோடு நிற்காமல் ரப்பர் தோட்டக் கதையும் குடும்பக் கதையும் சேகரிக்கக் கிளம்பினால், யார் வீட்டில் சண்டை வந்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இதே பைத்தியம் பிடித்தவர்கள் கோல சிலாங்கூர் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும். நான் மீன் சந்தையில் கூடை தூக்கி, பேரம் பேசிப் படித்து வந்தவன். வாய் நீளம். கோபம் அதைவிட நீளம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

கவிதா என்னிடம் படித்தவள். இப்போது கிள்ளானில் நர்ஸ். ஒரு வியாழக்கிழமை கார் இன்ஜினைக்கூட அணைக்காமல் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அவளும் அசாம் ஜாவா தினேஷும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டிருக்கிறார்கள். வீட்டில் சொன்னதும் இடி விழுந்தது. இரண்டு பேருடைய அப்பாவழித் தாத்தாக்களும் அண்ணன் தம்பி, ஒரே எஸ்டேட் லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள். அப்படியானால் தினேஷ் அவளுக்கு அண்ணன் முறை. அவள் அப்பா ராமையா, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச்சொல்லி ரவாங்கில் வேறொரு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பல் ஏறியவர்கள் இங்கே மலாயாவில் இறங்கும்போது அண்ணன் தம்பியாகிவிடுவார்கள். பிள்ளைகளும் அந்த முறையையே சொல்லி வளர்வார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு கல்யாணம் பேச முடியுமா? "இவ்வளவு நாள் என்ன செஞ்ச? கழுத்துக்குக் கத்தி வந்தப்புறம்தான் வாத்தியார் ஞாபகம் வருதா?" என்று கத்தினேன். அவள் அசையவில்லை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க சார், ப்ளீஸ்லா."

முதல் முடி

ரத்தப் பங்காளிகள் என்றால் குலதெய்வம் ஒன்றாக இருக்க வேண்டும். குழந்தையின் முதல் முடி அந்தச் சாமிக்குத்தான். ஊருக்குப் போக வழியில்லாத தோட்டத்து ஜனங்கள்கூட ரப்பர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அவரவர் சாமி பேரைச் சொல்லி அங்கே மொட்டை போட்டார்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டார்கள்.

தினேஷின் அப்பா சின்னப்பன் அசாம் ஜாவாவில் ரோட்டோரம் இளநீர் விற்கிறார். பாராங் கத்தியால் சீவிக்கொண்டே பேசினார். "தினேஷுக்கு முதல் முடி எந்தச் சாமிக்கு எடுத்தீங்க?" என்றேன். "பச்சையம்மனுக்கு." "ராமையா வீட்டுல?" "அவங்க அங்காளம்மனுக்கு." கத்தி பாதி இளநீரில் நின்றது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே கிடந்த விஷயம், அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. மகனுக்கு வழி பிறந்தது என்று சந்தோஷப்படுவார் என நினைத்தேன். அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"எங்க அண்ணனை என்கிட்டேருந்து பிரிக்கவா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

நான் திறந்துவிட்ட கதவு

சனிக்கிழமை சாயங்காலம் புக்கிட் ரோத்தானில் ராமையா வீடு. சின்னப்பனையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ராமையா லோரி ஓட்டி ஓய்ந்தவர், அதிகம் பேசமாட்டார். ஹாலில் அவரும் அவர் மச்சினன் கோபாலும் இருந்தார்கள். கவிதா சமையலறை வாசலில் நின்றாள்.

சாமி கதையைச் சொன்னேன். "ரத்தம் இல்லை, கப்பல் உறவுதான். முறை இடிக்கலை, தாராளமா குடுக்கலாம்" என்று முடித்தேன். ராமையா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரம் படிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் கோபால் தொண்டையைச் செருமினான். அவன் கேட்டது சாதியை. அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. உறவை நான் உடைத்த இடத்தின் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. நான் எழுந்துவிட்டேன். வாசற்படியில் சின்னப்பன் தலை குனிந்தது.

"அண்ணன் தம்பி இல்லேன்னா, அப்ப அவங்க என்ன ஆளுங்க?"

ராமையா கேட்ட விலை

நான் வாய் திறப்பதற்குள் ராமையா எழுந்தார். "என்ன ஆளுங்களா? எங்கப்பன் செத்தப்ப என் பக்கத்துல உக்காந்து மொட்டை போட்ட ஆளுங்க. கேட்டது போதும், உக்காருடா." கோபால் உட்கார்ந்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, எனக்கு ரெண்டும் பொண்ணு. தினேஷ்தான் கொள்ளி வைப்பான்னு நெனச்சுத் தெம்பா இருந்தேன். நீங்க ஒரு நாள்ல அவனை மாப்பிள்ளை ஆக்கிட்டீங்க. வாசல்ல இருக்கிற இவனைச் சம்பந்தி ஆக்கிட்டீங்க. நான் செத்தா இவன் கோடித் துணி போட்டுட்டு விருந்தாளி மாதிரி நாற்காலியில உக்காந்துக்குவான். எனக்கு யார் இருக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் முறைக்காக மறுக்கவில்லை. வாசலிலிருந்து சின்னப்பன், "நான் எப்பவும் உன் தம்பிதான்ணே. மொட்டை நான் போடுறேன்" என்றார். "கொள்ளி?" என்றார் ராமையா. "தினேஷே வைக்கட்டும்" என்றேன் நான். "மாப்பிள்ளை கொள்ளி வச்சா ஊரு சிரிக்கும்." எனக்குப் பொறுமை போய்விட்டது. "சிரிக்கட்டுமே! அப்ப நீங்க படுத்திருப்பீங்க, உங்களுக்கா கேக்கப் போவுது?" என்று கத்திவிட்டேன்.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். ராமையா என்னை முறைத்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் போனை எடுத்து ரவாங்குக்கு அடித்தார்.

"நாளைக்கு வரவேணாங்க, பொண்ணை எங்க பங்காளி வீட்டுக்கே குடுத்துட்டோம்."

நான் கண்டுபிடித்துக் கொடுத்த உண்மையை அந்த இரண்டு வீட்டிலும் எல்லாரும் நம்புகிறார்கள், ஒருத்தர்கூட மதிப்பதில்லை.