எட்டாவது குழாய்

ரேவின் ஹிஸ்லப்புக்கு ஐம்பத்தெட்டு வயது. மொட்டுவேகா என்ற சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் ரிவாகா பக்கத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவதும், மூன்று மணிக்கு மேல் திரும்பக் கொண்டுபோய் இறக்கிவிடுவதும் வேலை. மீதி நேரமெல்லாம் பீர். இப்படிச் சொன்னதும் குடிகாரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சாயங்காலத்தில் ஒரு கிளாஸுக்கு மேல் அவள் குடித்து யாரும் பார்த்ததில்லை. அந்த ஒன்றையும் முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு வாய் உறிஞ்சி, நோட்டில் எழுதி முடிப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு சுற்று முடித்து, இறைச்சியைப் பரிசாக வைக்கும் வெள்ளிக்கிழமைக் குலுக்கலுக்குச் சீட்டும் வாங்கியிருப்பார்கள்.

இருபத்திரண்டு வயதில், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப் பூ அறுவடைக்குக் கூலி வேலைக்குப் போனதில் ஆரம்பித்தது இது. உயரக் கம்பியில் ஏறிய கொடியை அறுத்துப் போட்டால் இயந்திரம் பூவை உதிர்த்துத் தள்ளும். அதில் கலந்து வரும் இலை தழையைப் பொறுக்குவது அவள் வேலை. இரண்டு கையிலும் மஞ்சள் பிசின் ஒட்டிக்கொண்டு, எலுமிச்சைத் தோலும் கசக்கிய புல்லும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை, எத்தனை சோப்புக்கும் போகாது. அன்று பப்பில் பீர் வாங்கியவள் கையை முகர்ந்தாள், கிளாஸை முகர்ந்தாள்.

"கையில இருக்கறது கிளாஸ்ல ஏன் இல்ல?"

பூவெல்லாம் காய்ந்து, மூட்டை கட்டி, கப்பலேறிவிடும் என்றார்கள். ஊரைச் சுற்றி ஹாப் தோட்டம். ஊர் பப்பின் பீர்க் குழாயில் வருவதோ எங்கேயோ ஒரு பெரிய கம்பெனி காய்ச்சிய வெறும் மஞ்சள் தண்ணீர். அந்தக் கேள்வியை அவள் முப்பத்தாறு வருடமாக விடவில்லை. லீவு நாளில் வேனை எடுத்துக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றி, கொட்டகையிலும் கராஜிலும் பீர் காய்ச்சுகிறவர்களைத் தேடிப் பிடித்தாள். ஊர் இலவசப் பத்திரிகையில் மாதம் ஒரு பத்தி எழுதினாள். வட்டாரப் போட்டியில் ஆறு வருடமாக நடுவர். ராவிரியின் பப்பில் இருந்த எட்டுக் குழாயும் அந்தப் பெரிய கம்பெனிக்கே ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு வருடம் அவனை அரித்து எட்டாவதை வாங்கினாள். அதில் எந்த பீர் வரவேண்டும் என்று அவள் சொல்வாள். மேலே தொங்கும் கரும்பலகையில் அவளே எழுதுவாள். அவள் சொல்லி ஒரு பீப்பாய் வாங்கினால் குறை வராது என்று நான்கு வருடத்தில் பெயரும் வந்துவிட்டது.

இந்த மார்ச்சில் அந்தக் குழாய்க்கு ஆபத்து வந்தது. ராவிரியின் குளிர் அறை மோட்டார் முனக ஆரம்பித்திருந்தது. புது அறையே கட்டித் தருகிறோம், எட்டுக் குழாயும் எங்களுக்கு என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். செவ்வாய்க்கிழமை ஒப்பந்தக் காகிதத்தோடு வருவான்.

"எனக்கும் ஆசையில்ல ரேவின்," என்றான் ராவிரி. "ஆனா மோட்டார் நின்னு போச்சுன்னா மீனும் போச்சு, பீரும் போச்சு. வெள்ளிக்கிழமை உன் குழாய் எப்படி ஓடுதுன்னு பாக்கறேன். கூட்டம் கேட்டுக் குடிச்சா நான் அவன்கிட்ட மல்லுக்கு நிக்கலாம்."

முதல் குழாய் பீரை அறுபது வருடமாகக் குடிக்கும் டெஸ் டல்லக், எட்டாவது குழாய்க்கு நேர் எதிர் ஸ்டூலில்தான் உட்காருவார். அவளைச் சீண்ட அதுதான் வசதியான இடம்.

"போகட்டும் விடு. பழச்சாறு மாதிரி இருக்கற பீர் போனா ஊர்ல யாரும் தூக்குப் போட்டுக்க மாட்டான்."

"நீ குடிக்கறதுக்கும் பாத்திரம் கழுவின தண்ணிக்கும் என்ன வித்தியாசம் டெஸ்?"

"இது ஜில்லுனு இருக்கும்."

வெள்ளிக்கிழமைக்கு அவள் நம்பியிருந்தது பிரென்டனின் பச்சை ஹாப் பீர். மார்ச் வந்தால் ஊரில் எல்லாருக்கும் இந்தப் பித்துதான்: பூவைக் காயவைக்காமல், பறித்த சில மணி நேரத்துக்குள் பீரில் கொட்டிவிட வேண்டும். ரேவினே தன் வேனில் எட்டு மூட்டை பூவை ரிவாகாவிலிருந்து கொண்டுவந்து இறக்கியிருந்தாள். பிரென்டனுக்கு முப்பத்தொரு வயது. பழைய ஆப்பிள் கிடங்கில் தனி ஆளாகக் காய்ச்சுகிறவன். சின்ன வயதில் அவள் பேருந்தில் போனவன் என்பதால் இன்னும் பள்ளிக்கூட மரியாதை போகவில்லை.

புதன்கிழமை அவள் போனபோது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

"இன்னும் நாலு நாள் தொட்டியில கிடக்கட்டும்னு பாக்கறேன் மிஸஸ் ஹிஸ்லப். பச்சை ஹாப் போட்டா வெண்ணெய் வாசனை வந்துடும். ஈஸ்ட் அதத் தின்னு முடிக்கணும்."

"அடுத்த வாரம் நெல்சன் டவுன்ல ஒவ்வொருத்தனும் பச்சை ஹாப் பீரை இறக்கிடுவான். முதல்ல வர்றதுதான் நிக்கும். சுடுதண்ணி வெச்சுப் பாத்தியா?"

"வெச்சேன். மூக்கு அடைச்சுக் கிடக்கு, ஒண்ணும் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்களேன்."

இரண்டு கிளாஸ் வைத்தான். ஒன்று தொட்டியிலிருந்து அப்படியே பிடித்தது. இன்னொன்று சுடுதண்ணீரில் வைத்து ஆறவிட்டது. ஒளிந்திருக்கும் வெண்ணெய் சூட்டில் வெளியே வந்துவிடும். பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் செய்கிற சோதனை இது. ரேவின் மாற்றி மாற்றி நாலு முறை முகர்ந்தாள். இரண்டிலும் எலுமிச்சைத் தோல், கசக்கிய புல். அவள் கை.

"ரெண்டும் ஒண்ணுதான். சுத்தமா இருக்கு. பீப்பாயில ஊத்து."

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு பப் நிரம்பியிருந்தது. கரும்பலகையில் அவள் எழுத்து: 'பூ பறித்தது ரிவாகா. காய்ச்சியது பிரென்டன். இந்த வருடத்து முதல் பச்சை ஹாப்.' முதல் அரை மணியில் முப்பது கிளாஸ் போயின. ரேவின் ஒரு சின்னக் கிளாஸில் பிடித்து டெஸ்ஸுக்கு முன்னால் வைத்தாள்.

"இலவசம். செத்துட மாட்ட."

டெஸ் உதட்டில் வைத்துவிட்டு எடுத்தார். "வெண்ணெய்."

"என்ன?"

"வெண்ணெய்ங்கறேன். உப்புப் போடாதது. மலைக்கு அந்தப் பக்கம் பால் ஆலையில முப்பது வருஷம் வெண்ணெய்ப் பிரிவுல நின்னவன் நான். எனக்கா தெரியாது?"

"உனக்கு எதுலதான் குறை தெரியாது!"

ஆனால் ஜன்னலோரத்தில் ஒரு பெண் கிளாஸைப் புருஷனிடம் நீட்டி, "சினிமா கொட்டகை சோளப்பொரி மாதிரி இல்ல?" என்பதும் காதில் விழுந்தது. ரேவின் தன் கிளாஸை முகர்ந்தாள். எலுமிச்சைத் தோல். புல். ஆறரை மணிக்கு மேசைகளைப் பார்த்தாள். பாதி குடித்து வைத்த கிளாஸ்கள். குடித்தவர்கள் முதல் குழாய்க்கும் மூன்றாம் குழாய்க்கும் திரும்பியிருந்தார்கள். குலுக்கலில் டெஸ்ஸுக்கு ஆட்டுத் தொடை விழுந்தது. அன்று அவர் அவளிடம் அதைக்கூடக் காட்டிப் பீற்றிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கேக்குக்குப் போடும் வெண்ணெய் எசென்ஸ் ஒரு சின்ன பாட்டிலும், டெஸ் குடிக்கும் பீரில் ஆறு கேனும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

"உக்காரு டெஸ். மூணு கிளாஸ் வெப்பேன். ஒண்ணுல மட்டும் ஒரு சொட்டு. எதுன்னு சொல்லணும்."

"என் பீர்லயா? அடிப்பாவி, அது பாவம்!"

முதலில் அவள் ஊற்றி அவர் முகர்ந்தார். பிறகு அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி அவர் ஊற்றினார், அவள் முகர்ந்தாள். ஆளுக்கு ஆறு தரம். டெஸ் ஆறும் சரியாகச் சொன்னார், அதுவும் கிளாஸை முழுதாகத் தூக்காமலே. ரேவினுக்கு இரண்டு சரி. மூன்று கிளாஸில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொட்டாலும் ஆறுக்கு இரண்டு தேறும் என்பது அவளுக்குத் தெரியும். நடுவர் பயிற்சியில் அவளே மற்றவர்களுக்குச் சொன்ன கணக்கு. பாட்டிலைத் திறந்து நேராக மூக்கில் வைத்தாள். ஏதோ இனிப்பு. அவ்வளவுதான்.

"சில பேருக்கு அப்படித்தான் ரேவின்," என்றார் டெஸ். "ஆலையில ஒருத்தன் இருந்தான், கெட்டுப்போனது தெரியாது. அவனப் பொட்டலம் கட்டற பக்கம் போட்டுட்டாங்க. நல்லாத்தான் கட்டினான்."

ஆறு வருடம் நடுவராக இருந்திருக்கிறாள். அவள் கையால் மதிப்பெண் வாங்கிய எத்தனை பீரில் வெண்ணெய் இருந்ததோ. வீட்டுக்குத் திரும்பும் வழியில், அப்படி நல்ல மதிப்பெண் கொடுத்த இரண்டு பேருடைய பெயர் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராவிரி போன் செய்தான்.

"பிரென்டன் வந்து மீதி மூணு பீப்பாயையும் எடுத்துட்டுப் போயிட்டான். தப்பு தன்னோடதுன்னு சொல்றான். அவசரப்பட்டுட்டானாம். இப்படிப் பண்ணலாமா? இனிமே அவன்கிட்ட வாங்காம இருந்தா, உன் பேரையாவது காப்பாத்திக்கலாம். செவ்வாய்க்கிழமை நான் கம்பெனி ஆள்கிட்ட பேசறதுக்கும் ஒரு வழி இருக்கும்."

வழி இருந்ததுதான். குழாய் நிற்கும், அவள் மூக்கும் நிற்கும், பிரென்டன் மட்டும் போவான்.

"நான் வர்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாத."

பப்புக்குப் போனாள். யாரிடமும் பேசாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, வெள்ளிக்கிழமை எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினாள்:

'வெள்ளிக்கிழமை பீரில் வெண்ணெய் வாசனை இருந்தது. ஊற்றலாமா என்று பிரென்டன் என்னிடம் கேட்டான். சுத்தமாக இருக்கிறது, ஊற்று என்றவள் நான். என் மூக்குக்கு அந்த வாசனை தெரியாது. நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். ரேவின்.'

ராவிரி கல்லாவுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை படித்தான்.

"இத எழுதிட்டு எந்த முகத்தோட நான் உனக்கு குழாய் குடுப்பேன்?"

"குடுக்காத. ஆனா பிரென்டன்கிட்ட வாங்கு."

அன்றே போட்டிக்காரர்களுக்கு நடுவர் வேலை வேண்டாமென்று கடிதம் எழுதினாள். பத்திரிகைக்கும் அதையே எழுதி அனுப்பினாள்.

திங்கட்கிழமை நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. பலகையைப் படித்த ஒவ்வொருத்தனுக்கும் தன் மூக்கு மேல் சந்தேகம் வந்துவிட்டது. டெஸ் எசென்ஸ் பாட்டிலை எடுத்துவந்து, மூன்று மூன்று கிளாஸாக வைத்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருந்தார். மீன் கடைக்காரனுக்குத் தெரியவில்லை. அவன் மனைவிக்குத் தெரிந்தது. "கல்யாணமாகி இருபது வருஷம், இப்பதான் தெரியுது இவனுக்கு ஏன் என் சமையல் பிடிக்கலன்னு," என்று அவள் சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. காலியாகக் கிடந்த எட்டாவது குழாயைப் பார்த்து, பிரென்டனின் அடுத்த பீர் எப்போது என்று நாலைந்து பேர் ராவிரியைக் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆள் வந்தான். மூடிய கதவுக்குள் ஒரு மணி நேரம் பேச்சு. ரேவின் மத்தியானப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபோது ராவிரி வாசலில் நின்றிருந்தான்.

"அவனுக்கு ஏழு குழாய், எட்டாவது உனக்கு. அதனால புது அறை இல்ல, எங்கயோ கழட்டின பழைய மோட்டார்தான் தர்றான். என் மனைவி என்னைக் கொல்லப் போறா. மூணு மாசம் பாக்கறேன்."

"ராவிரி..."

"இரு, முடிக்கல. டெஸ் முகர்ந்து பாக்காம ஒரு பீப்பாயும் அதுல மாட்டக் கூடாது. அவர்கிட்ட பேசிட்டேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"சம்பளமா முதல் குழாய்ல ஒரு கிளாஸ் கேக்கறாரு."

ஏப்ரல் இரண்டாம் வாரம், கடைசியாகப் பறித்த பூவில் பிரென்டன் காய்ச்சியது வந்தது. மூன்று வாரம் தொட்டியில் கிடந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. நெல்சனில் எல்லாரும் எப்போதோ இறக்கி முடித்துவிட்டார்கள். டெஸ் கிளாஸை மூக்குக்கு நேராக வைத்துக் கண்ணை மூடினார். பிரென்டன் சுவரில் சாய்ந்து நின்றான். ராவிரி துணியை வைத்துக்கொண்டு துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெண்ணெய் இல்ல," என்றார் டெஸ்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள் ரேவின்.

"அத நீ சொல்லு. என் வேலை வெண்ணெய் வரைக்கும்தான்."

கிளாஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, முதல் குழாயைப் பார்த்து விரலை ஆட்டினார். ரேவின் முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள், சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள்.