அமெரிக்கத் தேர்தலும் பதினொரு தேங்காயும்

எனக்குத் தேர்தல் பைத்தியம் உண்டு. மதுரையில் பிறந்தவளுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவர்கள் இருப்பார்கள். நான் வாக்கு எண்ணிக்கைக்கு முந்துகிறவள். எந்த ஊர்த் தேர்தலாக இருந்தால் என்ன, முன்னிலை, பின்னடைவு, டெபாசிட் காலி என்று டிவியில் ஓடத் தொடங்கிவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சிட்னிக்கு வந்து பதினேழு வருடம் ஆகியும் இந்த வியாதி குணமாகவில்லை. ஓட்டுப் போடாவிட்டால் இந்த நாட்டில் அபராதக் கடிதம் வீடு தேடி வரும் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, சரியான ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன்.

சிட்னியில் நாங்கள் இருக்கும் கிரவீன் பகுதியில், எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கிள் ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் தவிர வாயைத் திறக்க மாட்டார். அவர் பங்குக்கும் சேர்த்து அவர் மனைவி, யாழ்ப்பாண உச்சரிப்பில் அன்ரி, பேசிவிடுவார். அவர்களுக்கு ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் அரசியல் படிக்கிறேன் என்று அமெரிக்கா போனாள். படிப்பு முடிந்து, அங்கே ஒரு வருடம் தங்க அனுமதியும் கிடைத்ததும், ஜனாதிபதி தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட ஒருவருக்குப் பிரசாரம் செய்யத் தொண்டராகச் சேர்ந்துவிட்டாள். பெயரைச் சொன்னால் ‘யார் அது?’ என்று கேட்கிற மாதிரியான வேட்பாளர். பனி கொட்டும் ஒரு மாநிலத்தில், ஒரு தன்னார்வலர் வீட்டு மாடி அறையில் தங்கி, தினமும் வீடு வீடாகக் கதவைத் தட்டி அவருக்காக ஓட்டுக் கேட்டாள். குடியுரிமை இல்லாததால் அவளுக்கே அங்கே ஓட்டு இல்லை.

தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இந்தப் பிரைமரி எலெக்‌ஷன் எண்டு சொல்லுகினம். அது பிரைமரி ஸ்கூலிலை வைக்கிறதுதானே?”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அவர் கேட்டதில் இருந்த நியாயம் புரிந்தது. எந்தத் தேர்தல் வந்தாலும் நாங்கள் ஓட்டுப் போடுவது தெருமுனைப் பிரைமரி ஸ்கூலில்தான். பெற்றோர் சங்கத்தார் வாசலில் அடுப்பு போட்டு சாசேஜ் சுட்டு விற்பார்கள். சைவமான அன்ரி அந்த வரிசையிலும் நின்று, ரொட்டிக்குள் வதக்கிய வெங்காயத்தை மட்டும் வைத்துத் தரச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பிரைமரி ஸ்கூலில் நடக்காத தேர்தலை அவர் எங்கே கண்டார்?

நான் பொறுமையாக விளக்கினேன். அங்கே ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்பதை மக்களிடமே கேட்கும். ஒரு மாநிலம் முடிந்து அடுத்த மாநிலம் என்று போகும். அதுதான் பிரைமரி. மகள் யாருக்காக வேலை செய்கிறாளோ அவர் இந்த மாநிலத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் வண்டி ஓடும். வந்துவிட்டால் அவளும் கூடவே அடுத்த மாநிலத்துக்குப் போவாள். வராவிட்டால் கடையைக் கட்டிக்கொண்டு சிட்னிக்குத் திரும்ப வேண்டியதுதான். அன்ரி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஒரு இடத்தில் மட்டும் சிக்கிக்கொண்டார்.

“போடாட்டி ஃபைன் இல்லையோ?”

“இல்ல ஆன்ட்டி. இஷ்டப்பட்டாப் போடலாம்.”

“அப்ப ஆர் போடுவினம்?”

அமெரிக்கத் தேர்தலைப் பற்றி எத்தனையோ நிபுணர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நல்ல கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். அங்கிளுக்கு அன்று கிரிக்கெட். போகும் வழியெல்லாம் அன்ரி வாயைத் திறக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிள்ளையார் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர் நின்றவர்தான். பின்னால் வரிசையில் இருந்த ஒரு குழந்தை அழத் தொடங்கிய பிறகே நகர்ந்தார். கன்டீனில் தோசையைப் பிய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“நேர்த்தி வைச்சனான். பதினொரு தேங்காய்.”

“உங்க பொண்ணோட ஆளு ஜெயிக்கணும்னா?”

அன்ரி தோசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லை. அவர் தோக்கோணும் எண்டு.”

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அன்று அன்ரிக்கும் தெரிந்தது. “பெத்த பொண்ணு பனியில நடந்து ஓட்டுக் கேக்குது. நீங்க இங்க சாமிகிட்ட வந்து அந்தாளு தோக்கணும்னு கேக்கறீங்க. நல்லா இருக்கா ஆன்ட்டி?”

“தோத்தால்தானே வீட்டை வருவாள்.” சட்னியைத் தள்ளி வைத்தார். “ரெண்டு வருசம் பிள்ளை. ஃபோனிலை முகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து, அவள் எவ்வளவு உயரம் எண்டது எனக்கு மறந்து போச்சு.”

அதற்கு மேல் என்ன சண்டை போட முடியும்? காபியைக் குடித்துவிட்டுக் காரை எடுத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில், பென்டில் ஹில் திரும்பும் இடத்தில் அன்ரி, “அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை மாலை என்றால் நமக்குப் புதன்கிழமை மதியம். புதன்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் காதை மட்டும் விட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கிள் கதிரையை டிவிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்ரி குசினியில் உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தார். யாருடைய வெற்றிக்கு வடை என்று நான் கேட்கவில்லை.

முடிவுகளுக்கு முன்னால் வந்தது வருகைக் கணக்கு. அன்று அங்கே கடும் பனி. ஓட்டுப் போட வந்தவர்கள் மிகக் குறைவு, எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை என்று டிவியில் நால்வர் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கினார்கள். அன்ரி எண்ணெய் வடியும் கரண்டியோடு ஓடி வந்தார்.

“என்னவாம்?”

“ஜனங்க ஓட்டுப் போடவே வரல ஆன்ட்டி. பனியாம்.”

“பனியோ?” கரண்டியிலிருந்து எண்ணெய் கம்பளத்தில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை. “இவள் அந்தப் பனிக்குள்ளைதானே மூண்டு மாசம் நடந்தவள். வோட் இல்லாத பிள்ளை, வோட் இருக்கிற சனத்திட்டைக் கெஞ்சித் திரிஞ்சவள். அதுகளுக்கு ஒரு நாள் எழும்பி வர ஏலாமல் போச்சோ? சோபாவிலை கிடந்ததுகளோ?”

அங்கிள் எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டு போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அன்ரி அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தான் எந்தப் பக்கம் நேர்த்தி வைத்தோம் என்பதே அந்த நிமிடத்தில் அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கட்சி மாறியவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், வடை சுடும் நேரத்தில் மாறியவர் இவர் ஒருவர்தான்.

ஊர் ஊராக முடிவு வந்தது. மூன்றாம் இடத்துக்கு மகளின் ஆளும் இன்னொருவரும் மாறி மாறி ஏறி இறங்கினார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. மகள் நடந்த ஊர்களின் பெயர்கள் அத்தனையும் அங்கிளுக்கு மனப்பாடம். எந்த ஊரில் நாய் துரத்தியது, எந்த ஊரில் ஒரு கிழவி சூப் கொடுத்தாள் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார். வாயைத் திறக்காதவர், தினமும் காலையில் மகளுக்கு ஃபோன் செய்து கேட்டிருக்கிறார். அந்த நாய் துரத்திய ஊரின் முடிவு வந்தபோது மகளின் ஆளுக்கு முதலிடம். அங்கிள் சிக்ஸர் அடித்ததுபோல எழுந்து நின்று கை தட்டினார். அன்ரி, “இன்னும் எத்தினை ஊர் கிடக்கு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் வலிக்கிற அளவுக்குப் பிடித்தார்.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. நான்காம் இடம். மூன்றாமவருக்கும் இவருக்கும் இருந்த வித்தியாசம், காலையில் பென்டில் ஹில் ஸ்டேஷனுக்கு வரும் ரயிலில் நெருக்கி ஏற்றிவிடக்கூடிய கூட்டம்தான்.

“ஒரு ட்ரெயின் சனம்” என்றார் அங்கிள். அன்று தேர்தலைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து அது.

அன்ரி கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வடைக்கு யாரும் கை நீட்டவில்லை. சற்று நேரத்தில் மகள் வீடியோவில் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. பின்னால் யாரோ நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “வி லாஸ்ட், அம்மா. இட்ஸ் ஓகே. ஐம் கமிங் ஹோம்” என்றாள். இரண்டு வருடமாக அன்ரி கேட்க ஏங்கிய வாக்கியம். “ஓம் பிள்ளை. வாங்கோ” என்று மட்டும் சொன்னார். ஃபோனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

“நான்தான் தோக்கடிச்சனான்.”

“சும்மா இருங்க ஆன்ட்டி. பிள்ளையாருக்கு அந்த மாநிலத்துல ஓட்டு இல்ல.”

அங்கிள் சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மகள் வந்தாள். விமான நிலையத்திலிருந்து வந்த கையோடு, அன்ரி அவளை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, நிலைக்கதவோடு நிற்க வைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “வாட் ஆர் யூ டூயிங், அம்மா?” என்று அவள் கேட்டாள். அன்ரி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அவள் அன்ரியைவிட ஒரு சாண் உயரம்.

அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. நேர்த்தி வைத்து, கேட்டதும் கிடைத்த பின் செய்யாமல் இருக்க முடியாது, தெய்வக் குற்றம். செய்யப் போனால் மகள் எதற்கென்று கேட்பாள். சொன்னால், தன் தோல்விக்குத் தேங்காய் உடைக்கிற தாய் என்று அவள் மனதில் விழுந்துவிடும். அன்ரிக்கு அந்தப் பயம்தான். மகள் இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறாள், இதனாலேயே திரும்பிப் போய்விட்டால்? வாங்கிய தேங்காய்கள் பத்து நாளாக எங்கள் கராஜில், பழைய பெட்ஷீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தன.

ஒரு ஞாயிறு, அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிடலாம் என்று திட்டம். நான் காரை வெளியே எடுக்கும்போது பின்கதவைத் திறந்துகொண்டு அவள் ஏறினாள். “நானும் வாறன்” என்றாள். என்ன செய்வது? ஹெலன்ஸ்பர்க் போகும் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் டிக்கிக்குள் தேங்காய்கள் உருண்டு முட்டிக்கொண்டன. “ஒய் ஸோ மெனி கோகனட்ஸ்?” என்றாள். அன்ரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

தேங்காய் உடைக்கும் இடத்துக்கு அவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழே வைத்துவிட்டு, “எதுக்கம்மா இது?” என்று தமிழிலேயே கேட்டாள். அன்ரி முந்தானை நுனியைச் சுருட்டினார், விரித்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார். “நீ வீட்டை வரவேணும் எண்டு நேர்த்தி வைச்சனான். அவர் தோத்தால்தான் நீ வருவாய் எண்டு, அவர் தோக்கோணும் எண்டு கேட்டனான். பிழைதான். என்னை மன்னிச்சுக்கொள்ளு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு தேங்காயை எடுத்தாள். ஓட்டுப் போட மிகக் குறைவாக ஆட்கள் வந்த ஒரு ஊரின் பெயரைச் சொல்லி ஓங்கி அடித்தாள். சில்லுகள் என் காலடிவரை பறந்தன. அடுத்த தேங்காய், அடுத்த ஊர். நான்காவதில் அழுதாள். ஆறாவதில் சிரித்தாள். பத்தாவதில் இரண்டும். பதினொன்றாவது, சூப் கொடுத்த கிழவியின் ஊர். “ஷி டிட் வோட்” என்று சொல்லி அதை மட்டும் மெதுவாக உடைத்தாள்.

பையை மடிக்கப் போனேன். அடியில் இன்னும் ஒன்று கனத்தது. கடைக்காரர் எண்ணிக்கையில் தப்பு செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

“அது நேர்த்தியிலை சேராது. நான்தான் கூட வாங்கினனான்” என்று அன்ரி பையிலிருந்து அதை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். “நாலு வருசத்திலை இவள் திரும்பப் போவாள். அப்ப அந்தச் சனம் எழும்பி வந்து வோட் போடவேணும்.”

அடித்தார். தேங்காய் உடையவில்லை. கல்லில் பட்டுத் துள்ளி, உருண்டு, கார் நிறுத்தும் இடத்தை நோக்கி ஓடியது. அன்ரியின் முகம் வெளிறிப்போனது. மகள் துரத்திக்கொண்டு ஓடி அதைப் பிடித்து, துடைத்து, அம்மாவின் கையில் திரும்ப வைத்தாள்.

“ரீகவுன்ட், அம்மா” என்றாள்.

இந்த முறை அன்ரி கண்ணை மூடவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே அடித்தார். உடைந்தது.