சிங்களத்தில் படித்த புவியியல்

எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நாட்களில் எங்கள் ரப்பர் தோட்டத்தை எத்தனை தடவை சுற்றியிருப்பேனோ தெரியாது. அடுத்து உயர்தர வகுப்பில் கலைப்பிரிவுதான் என்றானதும், புவியியல் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரான யட்டியாந்தோட்டையைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பேசுகிற பாடம் அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

எங்கள் பாடசாலையில் புவியியலுக்கு ஆசிரியர் இல்லை. தமிழும் இந்து நாகரிகமும் எடுத்தாயிற்று, எடுக்கவேண்டிய மூன்றாவது பாடத்தில்தான் வம்பு. "அரசியல் விஞ்ஞானம் எடும்மா. டீச்சர் இருக்காங்க, பாஸாகிடலாம்" என்றார் அதிபர். வகுப்பில் மற்ற எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. "அப்ப ஒன் பாடு" என்று கையைக் கழுவிவிட்டார்.

அட்டனில் தமிழில் புவியியல் டியூசன் நடக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பாவிடம் கேட்டேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "பொம்பளப்புள்ள தனியா அட்டன் வரைக்கும் பஸ்ல போறதா? அதெல்லாம் சரிவராது" என்றார். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். மனுசன் அசையவில்லை. கடைசியில் நானே ஒரு வழி கண்டேன். யட்டியாந்தோட்டை பஜாரிலேயே ஒரு சிங்கள ஆசிரியர் புவியியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பஜார் என்றதும் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் விழிப்பார்கள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், பஸ்ஸில் இரண்டும். ஒரு வாக்கியத்தை ஒன்றில் தொடங்கி மற்றதில் முடித்துவிட்டு, அதைக் கவனிக்காமலே இறங்கிப் போய்விடுவோம். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் பரீட்சையைத் தமிழில்தான் எழுதவேண்டும் என்பது தெரியும். அதனால் என்ன? சிங்களத்தில் படித்துத் தமிழில் எழுதிவிட்டால் போயிற்று. இவ்வளவு பேசுகிறவளுக்கு எழுத வராதா என்று இருந்துவிட்டேன்.

சேர் அருமையாகப் படிப்பித்தார். மலை, ஆறு, காற்று என்று எதைச் சொன்னாலும் பலகையில் வரைந்துவிடுவார். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். பாடம் முடிந்ததும் என்னிடம் மட்டும் "துவ, தேருணாத?" என்பார். மகளே, விளங்கியதா என்று. விளங்கித்தான் இருந்தது. நல்ல மனதோடுதான் கேட்டார். இருந்தாலும் என்னிடம் மட்டும் கேட்டது எரிச்சலாக இருந்தது. அந்தக் கோபத்திலேயே விழுந்து விழுந்து படித்தேன். பழைய வினாத்தாள்களையும் அவர் தந்த சிங்களத் தாள்களிலேயே செய்தேன். வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிறவள் நான்தான்.

பரீட்சை நாளில் தாளைத் திருப்பினேன். தமிழ்தான். ஆனால் வாழ்க்கையில் பார்த்திராத தமிழ். 'வானிலையாலழிதல்' என்று ஒரு கேள்வி. திரும்பத் திரும்ப வாசித்தேன். புயலா, வெள்ளமா, என்ன கேட்கிறார்கள்? அடுத்த கேள்விக்குப் போனேன். அது விளங்கியது, பதிலும் தெரியும். ஆனால் எழுதப் போனால் சிங்களச் சொல்தான் வரிசையில் வந்து நிற்கிறது. சொல் கிடைக்காத இடத்தில் படம் வரைந்தேன். படத்தில் பெயர் குறிக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் முட்டிக்கொண்டு நின்றேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேசையே ஆட, மண்டபத்தில் நின்ற டீச்சர் வந்து முறைத்தார்.

பாறை உடைந்து மண்ணாவதைத்தான் அந்த நீளமான சொல் கேட்டிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. சேரிடம் நான் மனப்பாடமாக ஒப்பித்த பாடம்.

தமிழுக்கு ஏ, இந்து நாகரிகத்துக்கு பி, புவியியலுக்கு எஸ். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை.

"எஸ்ஸுன்னா பாஸ்தானே புள்ள?" என்றார் அப்பா.

"தெரிஞ்சத எழுத முடியலப்பா! எல்லாம் தெரியும், சொல்லத்தான் தெரியல" என்று கத்தினேன்.

அப்பா யோசித்தார். "அப்படின்னா அடுத்த தடவ சிங்களத்துலயே எழுதிரு. ஸ்கூல விட்டுட்டு வெளியில இருந்து எழுதுறவங்க எந்த பாஷையிலயும் எழுதலாமாமே."

நியாயமான பேச்சுத்தான். என்னால்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷையில் ஒரு மலையைப் பற்றி நாலு வரி எழுத வக்கில்லாமல் போனது எனக்கு அவமானமாக இருந்தது. மாட்டேன் என்றேன். சண்டை ஒரு கிழமை நடந்தது. கடைசியில் அப்பாவே இறங்கிவந்தார். "சரி, அட்டனுக்கே போ. மொத நாளு நானும் வர்றேன்."

அட்டன் வகுப்பில் எங்கு பார்த்தாலும் தமிழ்ப் பிள்ளைகள். அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்ததும், இனி யாரும் என்னைத் தனியாகப் பார்க்கமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது. அங்கே படிப்பித்த சேர் வரைபடத்தை விரித்து, ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்க்கிற கோட்டுக்கு என்ன பெயர் என்றார். பழக்கதோஷம், என் கை முதலில் உயர்ந்துவிட்டது.

"சமோச்ச ரேகா" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "என்னம்மா, நீ சிங்களமா?" என்றார் சேர், அவரும் சிரித்துக்கொண்டே.

"தமிழ்தான் சேர்" என்றேன். சன்னலுக்கு வெளியே நின்ற அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சமவுயரக்கோடு. எழுதிக்க. இப்ப உட்காரு" என்றார் சேர்.

எழுதிக்கொண்டேன். உட்காரவில்லை. "அடுத்த கேள்வியும் எங்கிட்டயே கேளுங்க சேர்" என்றேன்.