அம்மாவின் இரண்டாம் நாள்

இறால் பண்ணைக்காரர் எங்கள் ஊர்க் கரையின் கண்டல் மரங்களை வெட்டத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. பாடப்புத்தகத்தில் அந்த நீர்ப்பரப்பு வாவி. எங்கள் வாயில் ஆறு. அந்தக் கண்டல் வேர்களுக்கிடையே இடுப்பளவு தண்ணீரில் நின்று அம்மாவும் அயல் பெண்களும் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது.

முதலில் மனுக் கொடுத்தார்கள். மட்டக்களப்பு அரசாங்கக் கந்தோர்களுக்கு பஸ்ஸில் போவதும், பெரியவர் கூட்டத்தில் இருக்கிறார் என்று கேட்டுத் திரும்புவதுமாக ஒரு பருவம் போயிற்று. கடைசியில் கொக்கட்டிச்சோலைக்குப் போகும் தெருவோரம் தகரக் கொட்டில் போட்டு, முறை வைத்து உண்ணாவிரதம் இருந்தார்கள். நாளுக்கு ஒருவர், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இதை நடத்திய ஊர்ச் சங்கத்தின் தலைவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். வீட்டில் உப்புக் கேட்பதற்கும் ஒலிபெருக்கியில் பேசுவது போலவே பேசுவார். கொட்டிலுக்குப் பின்னால் எல்லோரும் ஒளித்துத் தின்கிறார்கள் என்று பண்ணை மேலாளர் கடைத்தெருவில் சொல்லித் திரிந்தது மாமாவுக்குப் பெரிய எரிச்சல்.

அம்மாவின் முறை வந்தபோது எல்லோருமே களைத்திருந்தார்கள். பஸ்காரர்கள் வேகம் குறைத்துப் பார்ப்பதை விட்டிருந்தார்கள். பதாகையின் எழுத்துகள் வெயிலில் வெளுத்துவிட்டன.

சாப்பிடாமல் இருப்பவர்கள் பொழுதுபடச் செத்துப்போவார்கள் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். நான் நம்பினேன். காலையில் மாமி தந்த ரொட்டியைத் தின்னாமல் பைக்குள் வைத்திருந்தேன். பள்ளி விட்டதும் நேரே கொட்டிலுக்கு ஓடினேன். துணைக்கு இருந்தவர்கள் வெக்கை தாங்காமல் எதிர்ப்பக்க மரநிழலில் தூங்கி வழிந்தார்கள். அம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"சாப்பிடுங்கம்மா."

"கொண்டு போ புள்ள. ஆறு மணிக்கு வீட்ட வாறன்தானே."

"நீங்க சாப்பிடாட்டி நானும் சாப்பிட மாட்டன். காலையிலயும் சாப்பிடல்ல."

அம்மா ரொட்டியைப் பிய்த்து என் வாயருகே கொண்டுவந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா பிறகு ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். மிச்சத்தை நான் தின்றேன். யாரும் காணவில்லை. அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அங்கேயே இருந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு மாமா இளநீரோடு வந்தார். கூடவே, அதிசயமாக, ஒரு பத்திரிகைக்காரர் கமராவுடன். மாமா இளநீரை நீட்டி, படத்துக்காக முகத்தைக் கமரா பக்கம் திருப்பினார்.

அம்மா அதை வாங்கவில்லை. "அண்ணே, நான் இண்டைக்குச் சாப்பிட்டுட்டன். நாளைக்கும் நானே இருக்கிறன்."

மாமாவின் குரல் முதல்தடவையாகத் தாழ்ந்தது. "மெல்லக் கதை. ஆரு கண்ட?"

"ஒருத்தரும் காணல்ல."

"பிறகென்ன? நம்மட மானத்த வாங்கவா பாக்கிறாய்? ஆரு கொண்டு வந்து தந்த?"

அம்மா என் பக்கம் திரும்பாமல் பாயைச் சுருட்டினாள். நான் கொட்டில் கம்புக்குப் பின்னால் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். பத்திரிகைக்காரர் படம் எடுக்காமலே போனார்.

மறுநாள் அம்மா மறுபடியும் அதே பாயில் இருந்தாள். மாமா அந்தப் பக்கமே வரவில்லை. மாமி கண்முன்னே இருந்து எனக்குப் புட்டு ஊட்டினாள்.

மழை வந்ததும் கொட்டில் சரிந்தது. அதிகாரிகள் வந்து அளந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். பாதிக் கண்டல் போய்விட்டது. பண்ணையில் இறாலுக்கு நோய் கண்டு கம்பனிக்காரர் தாமாகவே வெளியேறினார்கள். இறால் வளர்த்த குழிகள் உப்புத் தண்ணீரோடு இன்றும் கிடக்கின்றன. வென்றோம் என்று மாமா சொல்லிக்கொள்வார். அம்மா முழங்கால் வலியோடு இப்போதும் தண்ணீரில் இறங்குகிறாள்.

அம்மா என்னைக் காட்டிக்கொடுக்காதது ஏன் என்பது அன்றே எனக்கு விளங்கியது. தன்னை ஏன் காட்டிக்கொடுத்தாள் என்பதுதான் விளங்கவில்லை.