வெனிஸில் என் கையில் இருந்த ஷூ

மச்சான் போய்ட்டார்.

இன்று விடியற்காலை, காரைக்குடி வீட்டில். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அக்கா போனில் சொன்னாள். நம்பவே முடியவில்லை...

மச்சான் என்றால் என் அத்தை மகன். அக்காவின் கணவர். நான் வேலை பார்த்த லேபில் எனக்கு சீனியரும் அவர்தான். பழைய லேப் நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று ஃபேஸ்புக்கைத் திறந்தேன். திறந்தால் வெனிஸ்தான் ஞாபகம் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

எழுபதுகளின் ஆரம்பம். லேபிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்கு ட்ரெயினிங் அனுப்பியிருந்தார்கள். ஈஸ்டருக்கு லீவு விட்டதும் ரயில் ஏறி வெனிஸ் கிளம்பினோம். ஊர் சுற்றிப் பார்க்கத்தான்.

ரயிலில் மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மாப்ள, கம்பெனியில என்னைய இங்கயே வேலைக்கு இருந்துக்கச் சொல்றாங்க. நான் ஊருக்குத் திரும்பி வரலைன்னா என்னடா ஆகும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்கும் அவருக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். எங்கள் ஊர் அமராவதிபுதூர் முழுக்கத் தெரியும்.

"வெளையாடாதீக மச்சான்" என்றேன்.

மறுநாள் வெனிஸ். தெருவுக்குப் பதில் தண்ணீர், பஸ்ஸுக்குப் பதில் படகு. நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இந்த மனுஷனை எப்படியாவது ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கணுமே என்ற நினைப்புத்தான்.

ஒரு சந்தில் பெரிய பழைய வீடு. கதவு திறந்து கிடந்தது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக மார்பிள் தரை. மச்சான் நின்றுவிட்டார். அவருடைய அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. சின்ன வயசில் அந்த வீட்டுத் தரையில் படுத்து உருண்டவர் இவர்.

"அங்க போட்ருக்க அதே கல்லுடா. ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்."

சொல்லிவிட்டு ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த ஊரில் தெருவில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

போனவர் வரவே இல்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கானாடுகாத்தான் வீடுகளில் முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. பழக்க தோஷத்தில் நேராக நடந்து அங்குட்டு இறங்கியிருப்பார் என்று சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடினால் அங்கே தெருவே இல்லை. ஒரு பாலத்தில் ஏறிப் பார்த்தேன். பின்வாசல் இருந்தது, ஆனால் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. படகு கட்டுகிற கம்பம் நின்றது. படகைக் காணோம்.

திரும்பி முன்பக்கம் வந்தால் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஷூ மட்டும் வெளியே. தட்டினேன். ஒரு வயசான அம்மா திறந்து, கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. மறுபடி சாத்திவிட்டார்.

ஓடிப்போகிறவர் ஷூவை விட்டுவிட்டா போவார்? ஓடவில்லை என்றால் போன வழியிலேயே திரும்பி வர என்ன கேடு? ஒன்றும் பிடிபடவில்லை. அக்காவிடம் போய் என்ன சொல்வேன்... சாயங்காலம் வரை அந்த ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெனிஸ் முழுக்க அலைந்தேன். நடுச்சந்தியில் நின்று அழுதேன். டூரிஸ்ட்டுகள் ஒதுங்கிப் போனார்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஸ்டேஷனுக்குப் போனால் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். நனைந்த சாக்ஸோடு.

"எங்க மச்சான் போனீக?"

"இங்குட்டுத்தான் இருந்தேன். ஷூவைக் குடு மாப்ள, காலு வெறச்சுப் போச்சு."

அவ்வளவுதான். கம்பெனி வேலை பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது.

லேப் கேன்டீனில் யாராவது வெனிஸ் எப்படி சார் என்று கேட்டால், "ஒரே தண்ணிய்யா. நம்ம ராம்நாட் ஜில்லாவுக்குக் கொஞ்சம் திருப்பிவிட்டா தேவலாம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவர் உண்மையைச் சொல்லி, அது ஏடாகூடமாக இருந்துவிட்டால்? அக்காவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று நானாகவே பயந்துகொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் எல்லாரும் வெளியே பந்தல் வேலையில் இருந்தார்கள். அக்கா மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன ஆனதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரயிலில் கேட்டது, ஷூ, படகு... எல்லாம்.

அக்கா ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்டா. கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாக."

"ஏன் திரும்பி வந்தாராம்?"

"அதை நான் கேக்கலை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அப்ப டீச்சர் ட்ரெயினிங்ல சீட்டு கெடச்சிருந்துச்சு. கல்யாணத்தைச் சொல்லி அப்பா விடமாட்டேன்னுட்டாரு. இவுக அங்கயே இருந்துக்கிரட்டும், வரவே வேணாம்னு தெனம் அம்மனுக்கு வெளக்குப் போட்டேன்டா."

அப்படியென்றால் அன்று வெனிஸில் நான் யாருக்காக அழுதேன்?

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மச்சான் கையைப் பிடித்து உலுக்கினாள். "வரவேணாம்னு கும்புட்டப்ப வந்தீகளே... இப்ப கூப்புடுறேன், எந்திரிச்சு வாங்களேன்..."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் உட்கார்ந்து இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை.

நாளைக் காலை எடுக்கிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

போய்ட்டு வாங்க மச்சான்.