மொட்டை டயரோடு பெண் கேட்கப் போனவன்

வண்டியை வளைவில் வழுக்கவிட்டு ஓட்டும் விளையாட்டை யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால், எங்கள் மலையடிவாரத்தில் அறுபதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் நெஞ்சைத் தட்டிக்கொள்வார்கள். தட்டிக்கொள்ளட்டும், காசா பணமா. டயர் கடை ஹிசாஷி ஒகுமுரா மட்டும் அந்தச் சண்டைக்கே போகமாட்டார்.

"யாரும் ஆரம்பிக்கலப்பா. ஃபுஜி மலைகிட்ட பந்தயம் பாக்கப் போனோம். ஒரு பெரிய ஆளு வளைவுல பின்பக்கத்தை அப்படியே வழுக்கவிட்டு, வேகம் கொறயாம வெளிய வந்தாரு. வீட்டுக்கு வந்தா தூக்கம் வரல. பந்தயத் திடலுக்கு வாடகை குடுக்க எங்களுக்கு ஏது வக்கு? மலை சும்மாதானே கிடந்துச்சு" என்பார்.

அது எழுபதுகளின் கடைசி. அவருக்கு அப்போது இருபத்தாறு வயதுதான், அதனால் இனி அவன் என்றே சொல்கிறேன். ஞாயிறு விடிந்ததும் கராமாட்சு கணவாயில் ஐந்தாறு பழைய வண்டிகள் கூடும். தங்களுக்குள் இதை 'வாலாட்டறது' என்று சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒருவன் கழுத்துத் துண்டோடு நிற்பான், எதிரே வண்டி வந்தால் வீசிக்காட்ட. முன்சக்கரங்களுக்கு நல்ல டயர், பின்சக்கரங்களுக்குத் தேய்ந்து கண்ணாடியாகிப்போன மொட்டை டயர், இதுதான் வழக்கம். அப்போதுதான் வால் சுலபமாக ஆடும், நல்ல டயரும் வீணாகாது. மொட்டை டயருக்கு ஹிசாஷியின் கடைப் பின்கட்டில் பஞ்சமே இல்லை. ஆட்டம் முடிந்ததும் பின்னால் மறுபடி நல்ல டயரை மாட்டிக்கொண்டு அவரவர் யோக்கியர்களாக வீடு திரும்புவார்கள்.

ஹிசாஷிக்கு அந்த நேரம்தான் வாழ்க்கை. வாரத்தில் ஆறு நாள் குனிந்து நட்டு கழற்றுகிறவன், ஏழாம் நாள் வண்டி பக்கவாட்டில் மிதக்கும் அந்த மூன்று நொடிக்காகக் காத்திருந்தான். இவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எதிலும் வந்ததில்லை.

ஆனால் இன்னொரு ஆசையும் சேர்ந்துகொண்டது. தபால் நிலையத்தில் வேலை பார்த்த சுமிகோவை அவனுக்குப் பிடித்துப்போயிற்று, அவளுக்கும் அவனை. விதியைப் பாருங்கள், அவளுடைய அப்பா கோமியாமாதான் அந்தக் கணவாயில் இருபது வருஷமாக முதல் பஸ்ஸை ஓட்டுகிறவர்.

"எங்கப்பா ஒண்ணுதான் சொல்லியிருக்காரு" என்றாள் சுமிகோ. "குடிச்சாலும் பரவாயில்லயாம், கடன் இருந்தாலும் பரவாயில்லயாம். மலையில வண்டிய வழுக்கவிடற பயலுக்கு மட்டும் பொண்ணு கிடையாதாம்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லாத வரைக்கும் தெரியாது. நானும் சொல்லல."

நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனைப் பார்த்துப் பேசிவிடலாம் என்று கோமியாமா சம்மதித்தார். பத்து மணிக்கு ஹிசாஷி அப்பாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போகவேண்டும், வெந்நீர் ஊற்றில் குளித்து, சோபா நூடுல்ஸ் சாப்பிட்டு, பேச்சை முடிக்கவேண்டும். அன்றைக்காவது இவன் விடியலில் மலையேறாமல் இருந்திருக்கலாம். ஏறினான். போதாததற்கு 'கடைசியா ஒரே ஒரு தடவை' என்று நாலு தடவை இறங்கினான். நேரமாகிவிட்டது. வீட்டுக்கு ஓடி, குளித்து, டை கட்டி, தலைவாரி, எல்லாம் செய்தான். பின் டயரை மட்டும் மாற்ற மறந்தான்.

கோமியாமா முன்சீட்டில் ஏறினார். விடுமுறை நாளிலும் கையில் பஸ் டிரைவரின் வெள்ளைக் கையுறை. சாலைச் சந்திப்பு வரும்போதெல்லாம் விரலை நீட்டி, "இடது சரி, வலது சரி" என்று பஸ்ஸில் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு வந்தார். பாதி மலை ஏறியதும் மழை பிடித்தது. அப்போதுதான் ஹிசாஷிக்குப் பின் டயர் நினைவு வந்தது. ஆக்ஸிலேட்டரில் காலைத் தளர்த்தினான்.

"என்ன தம்பி, பஸ்ஸைவிட மெதுவா போற?"

"மழை பாருங்க ஐயா. பாத்துப் போறது நல்லது."

"நல்ல பழக்கம்" என்றார் கோமியாமா. பின்சீட்டில் சுமிகோ சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ஈரச் சருகு கிடந்தது. வண்டியின் பின்பக்கம் சட்டென்று விலகிப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. வேறு யாராவது என்றால் பிரேக்கை மிதித்துத் தடுப்புக் கம்பியில் போய் முட்டியிருப்பார்கள். ஹிசாஷி யோசிக்கவே இல்லை. கை தானாக ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியது, கால் ஆக்ஸிலேட்டரை அளந்து அழுத்தியது. வண்டி நடுவிலிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் பக்கவாட்டிலேயே வளைவு முழுக்கப் போய், அழகாக நேரானது. அந்த அழகுதான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

"ஓரங்கட்டு" என்றார் கோமியாமா.

மழையில் இறங்கிப் போய்ப் பின் டயரைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"விடிஞ்சதும் முதல் பஸ்ஸ நான்தான் ஓட்டறேன். ரோட்டுல உங்க கறுப்புத் தடத்தையெல்லாம் தினம் பாக்கறேன். எல்லா நாய்ங்க தடமும் மஞ்சக் கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்திருக்கும். ஒருத்தன் தடம் மட்டும் தாண்டாது. அவன் யாருன்னு மூணு வருஷமா தேடறேன். நீதானா?"

"ஆமாங்க ஐயா."

"கெட்டிக்காரன்தான். ஆனா அந்தப் பக்கம் என் பஸ்ஸுல முப்பது பேர் வர்றாங்க. எம்பொண்ணும் அதுலதான் வேலைக்குப் போறா. பொண்ணா, மலையா? இங்கயே சொல்லு. பொய் சொன்னா தெரியும், தடம் சொல்லிடும்."

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. ஹிசாஷி சாலையைப் பார்த்தான்.

"சுமிகோ" என்றான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மறுவாரமே வண்டியை விற்றான். அதன்பிறகு விடியலில் மலைப்பக்கமிருந்து டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைப்பான். கூட வாலாட்டியவர்களில் இருவர் பின்னாளில் பேரும் புகழுமானார்கள். விளையாட்டுக்கு டிரிஃப்ட் என்று பெயர் நிலைத்து, நடுவர்களும் மதிப்பெண்களும் வந்துவிட்டன. வருத்தமா என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அட போங்கப்பா, சின்னப்பிள்ளை விளையாட்டு" என்பதே அவன் பதில்.

இருபது வருஷம் கழித்து, சுமிகோ ஒருநாள் எதுவும் சொல்லாமல் டிரிஃப்ட் பந்தயத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கி வந்தாள். ஓய்வு பெற்றுவிட்ட கோமியாமாவும் வந்தார். முதல் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு பக்கவாட்டில் வந்து சேர்ந்தபோது, ஹிசாஷியின் வலது கால் தரையை அழுத்தியது. கிழவர் அதைப் பார்த்துவிட்டார்.

"மாப்ளே, வருத்தமா?"

ஹிசாஷிக்கு வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை.

"ஆமா மாமா. ரொம்ப. சுமிகோ காதுல விழப்போவுது, விடுங்க."

முன்வரிசையில் இருந்த சுமிகோ திரும்பாமலே சொன்னாள்: "விழுந்தாச்சு. அன்னைக்கு அப்பா கேட்டதுக்கு நீங்க பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்கன்னு பின்சீட்டுல உக்காந்து பாத்தவ நான். அவ்வளவு பிடிச்சதை விட்டுட்டு வந்த ஆளோடதான் குடும்பம் நடத்தறேன்னு எனக்குத் தெரியாதா?"

ஹிசாஷி கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை, என்றார். பிறகு அடுத்த வண்டி எப்போது வரும் என்று கேட்டார்.